எடுக்கச் சொன்னாக

என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கேட்கிறவர்களிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுவேன். அதுதான் சுலபம். கூடப் பிறந்த அக்காவின் புருஷன், நான் வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மனிதர், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து உதைத்து உடைத்தார் என்று சொன்னால், அதற்கு மேல் பத்துக் கேள்வி வரும். பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் இன்றைக்கும் அப்படியே கேட்கிறது. முதலில் அவருடைய பூட்ஸ் என் தோல்மேல் பட்ட சத்தம். அப்புறம் ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம், காய்ந்த முருங்கைக் கொப்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஃபுட்பால் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வாழையும் திராட்சையும்தான் அவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் மாதா கோயில் மைதானத்தில் என் தாத்தா காலத்திலிருந்தே பந்து உருண்டுகொண்டிருந்தது. கீழே ஏழு டீம், மேலே மேகமலை எஸ்டேட் டீம் ஒன்று, ஆக எட்டு டீம் சேர்ந்து ஒரு லீக் நடத்தினோம். லீக் என்பது பெயருக்குத்தான். நாள் குறித்து, மைக் வைத்து அடித்துக்கொள்வது என்று சொன்னால் பொருத்தம். ஒரு தடவை எஸ்டேட்டில் ஆடி ஜெயித்த பாவத்துக்கு, இறங்கி வருகிற வழியில் ஒவ்வொரு வளைவிலும் மேலேயிருந்து கல் விழுந்தது. ஜீப்புக்குள் பதினாலு பேர், பூட்ஸைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு குனிந்திருந்தோம். எங்கள் கோல் கீப்பருக்கு மூன்று பல் போனது. அடுத்த மாதம் அவர்கள் கீழே ஆட வந்தபோது நாங்கள் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ரெஃபரியாக வருகிறவர் முதலில் விசாரிப்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

எங்கள் பேச்சில் ‘ஆள் எடுக்கிறது’ என்று ஒன்று உண்டு. பந்தோடு வருகிறவனை, பந்தை விட்டுவிட்டுக் காலோடு சாய்ப்பது. எடுக்கப்பட்டவன் தானாக எழுந்து நடந்துவிட்டால் எடுத்தது சரியில்லை என்று அர்த்தம். கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பருக்கு அதுதான் பெருமை. மச்சான் எங்கள் டீமின் ஸ்டாப்பர். வாழைத்தார் ஏற்றி அனுப்புகிற செட்டில் லோடுமேன் வேலை. இரண்டு தாரைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறி லாரிக்குள் போகிற மனிதர். “பந்து போகட்டும், இல்ல ஆளு போகட்டும். ரெண்டும் ஜோடி போட்டுப் போகக் கூடாது” என்பார். ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு, ஒருவனுக்குக் கணுக்கால், ஒருவனுக்கு விலாவில் இரண்டு என்று அவர் எடுத்த ஆள்களை எங்கள் ஊரில் விரல் விட்டுச் சொல்வார்கள். எடுத்த மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அவன் கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. வீட்டில் அக்காவை ஒரு சொல் அதட்டிப் பேசினதில்லை. நான் சைடில் ஓடுகிற விங்கர். பத்தொன்பது வயது. பள்ளத்தாக்கில் என்னைத் துரத்திப் பிடிக்க ஆள் இல்லை என்கிற திமிர் இருந்தது. மச்சான் பின்னால் நிற்கிறார் என்கிற தைரியமும் அந்தத் திமிரில் பாதி.

இத்தனை அடிக்கும் ஒரு வரம்பு இருந்தது. பெண் கொடுத்து எடுக்காத ஊர் என்று எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. எதிர் டீமில் எவனாவது ஒருவன் சித்தி மகனாகவோ, சம்பந்தியின் தம்பியாகவோ இருந்தே தீருவான். அதனால் ஆட்டம் தொடங்குமுன் கை கொடுக்கும்போது உறவு சொல்லிக்கொள்வோம். “இவன் எங்க அயித்தை மகன்” என்று தன் டீமைப் பார்த்துச் சத்தமாக ஒரு தடவை சொன்னால் போதும். அன்று முழுக்க அவனை யாரும் எடுக்க மாட்டார்கள், பந்தை மட்டும்தான் எடுக்கப் பார்ப்பார்கள். மண்டையை உடைத்தவன் எங்கள் லீக்கில் உண்டு. இடுப்பில் அரிவாளோடு ஆட்டம் பார்க்க வந்தவன் உண்டு. சொன்ன உறவை மீறினவன் அதுவரை கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில், இங்கிலாந்துக் கிளப் ஒன்று எங்கள் லீக்கில் வந்து இறங்கியது. டிவியில் வருகிற பெரிய கிளப் இல்லை. பெயரைக்கூட எங்களில் ஒருவனுக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த யாருக்கோ அதில் பங்கு இருந்ததாம். இந்த மாதிரிச் சின்ன லீக்குகளில் முதல் போட்டு, தேறுகிற பையன்களைத் தங்கள் கிளப்புக்குக் கொண்டுபோவது அவர்கள் திட்டம் என்றார்கள். மூங்கில் கோல்போஸ்ட் போய் இரும்பு வந்தது. வலை வந்தது. எட்டு டீமுக்கும் நெஞ்சில் அவர்கள் சின்னம் தைத்த ஜெர்சி வந்தது. “நம்ம லீக்கையே வாங்கிப்புட்டாகப்பா” என்று டீக்கடையில் ஏதோ சொந்த வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த மாதிரிப் பேசிக்கொண்டார்கள். சீசன் முடியும்போது அவர்களுடைய கோச் நேரில் வந்து ஆள் எடுப்பார். இரண்டே பேர். வயது இருபத்து நாலைத் தாண்டக் கூடாது. எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. மச்சானுக்கு அதுதான் கடைசி வருடம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி ஆள் எடுக்க வருகிறார்கள் என்றதும், மைதானத்தில் எங்கள் ஆள் எடுப்பும் கூடிப்போனது. முன்னெல்லாம் தோற்ற வயிற்றெரிச்சலில் அடிப்பார்கள். இப்போது கூட ஆடுகிறவனே போட்டிக்காரன் ஆனான். பயிற்சியில் ஒருவன் இன்னொருவன் பாதத்தைப் பூட்ஸ் ஆணியால் மிதித்துத் திருகினதை நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே தெரு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவனை பஸ்ஸிலிருந்து இறக்கி, வாய்க்கால் பாலத்தில் காலை நீட்டிவைத்து மேலே கல்லைப் போட்டார்கள். எந்த ஊர், யார் செய்தது என்று எழுத மாட்டேன். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் இப்போது பிள்ளை குட்டிக்காரர்கள். அந்த நாள்களில் மச்சான் என்னை எங்கேயும் தனியாக விட்டதில்லை. செட்டுக்குப் போகும்போதுகூட என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வருவார். “நீ காலை மட்டும் பாத்துக்க மாப்ளே. மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

கோச் வந்தார். நல்ல உயரம், வெயிலில் முகமும் கழுத்தும் ரத்தமாகச் சிவந்திருந்தன. எட்டு டீமிலும் தேறினவர்களைக் கலந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்டார். நான் வெள்ளை, முதுகில் பதினொன்று. மச்சான் சிவப்பில் ஸ்டாப்பர். வாழ்க்கையில் முதல்முறையாக எதிரெதிரே நின்றோம். கோச் சொல்வதைத் தமிழில் சொல்ல, எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல மனிதர். இலக்கணத்தில் புலி. பந்தைக் காலால் தொட்டதில்லை.

கை கொடுக்கும்போது மச்சான் தன் பக்கத்து ஆள்களைத் திரும்பிப் பார்த்து, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “இவன் எம் பொண்டாட்டியோட தம்பி. எம் மச்சினன். எல்லாரும் கேட்டுக்கங்க.” வெள்ளைக்காரருக்கு அது என்ன சடங்கு என்று விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. முதல் பாதி முழுக்க என் பக்கத்தில் ஒருவன் காலும் உயரவில்லை. நான் கோயில் காளை மாதிரித் திரிந்தேன். இரண்டு கோல் போட்டேன். இரண்டு தடவையும் மச்சானைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். அவர் பந்துக்கு மட்டும் காலை நீட்டிவிட்டு ஒதுங்கினார். “மச்சினனுக்கு நடைபாவாடை விரிக்கிறாரு பாரு” என்று கரையில் ஒருவன் கத்த, ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

இடைவேளையில் இரண்டு பக்கமும் ஒரே புளிய மர நிழலில்தான் உட்கார்ந்தோம். மைதானத்தில் வேறு நிழல் இல்லை. கோச் நேராக மச்சானிடம் வந்தார். பதினோராம் நம்பர் பக்கத்தில் ஏன் ஒருவனும் போவதில்லை என்று கோபம். “டேக் லெவன்” என்றார். “யூ. டேக் லெவன்.” அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பதினொண்ணாம் நம்பரை நீங்க எடுக்கணும்னு சொல்றாக” என்றார். நிழலில் இருந்த இருபத்திரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். “நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சார்” என்று ஒருவன் சொன்னான். வாத்தியார் திரும்பக் கேட்டார். கோச் என் நெஞ்சைப் பார்த்து விரலை நீட்டி, “டேக் ஹிம்” என்றார். “இவனைத்தான். எடுக்கச் சொல்றாக” என்றார் வாத்தியார். ஒரு நிமிடம் கழித்து எல்லாருமாகச் சிரித்தோம். உறவு சொன்ன வாயிடம் போய் எடுக்கச் சொல்கிறானே, வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு. மச்சானும் சிரித்தார். செம்பை என்னிடம் நீட்டி, “தண்ணியக் குடி மாப்ளே, வெயிலு கடுமையா இருக்கு” என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பந்து என் காலுக்கு வந்தது. முன்னால் மச்சான் ஒருவர்தான். வேறு எவனாக இருந்தாலும் இரண்டடிக்கு முன்பே எம்பிக் குதித்திருப்பேன். அவன் கால் வருகிற வேகத்தைப் பார்த்தே காலைத் தூக்கிக்கொள்வது எங்களுக்கெல்லாம் பழக்கம். நான் குதிக்கவில்லை. ஊன்றின காலை ஊன்றினபடி வைத்துக்கொண்டு பந்தை மட்டும் தட்டினேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. மூன்று எட்டு எடுத்துவைத்து, உடம்பின் மொத்தப் பாரத்தையும் வலது காலில் போட்டு என் கெண்டைக்காலுக்கு நேரே இறக்கினார். கீழே விழுந்து திரும்பிப் பார்த்தபோது என் பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை ஜெர்சிக்கு வெளியே தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு நிற்பதைப் பார்த்தேன் என்றுதான் பல வருடம் சொல்லிவந்தேன். ஜெர்சி கால் வரை வராது. என்னத்தைப் பார்த்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ரத்தம் மட்டும் நிச்சயம்.

பிறகு நடந்தது எல்லாம் கால் மணி நேரம். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கி, தாலி கட்டினவர் என்று பார்க்காமல் மச்சானின் தலையிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். “எந்தம்பியா கெடைச்சான் ஒனக்கு, எந்தம்பியா கெடைச்சான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் நெற்றி கிழிந்து வழிய வழிய, கையைக்கூட உயர்த்தாமல் நின்றார். வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: “எடுக்கச் சொன்னாக. எடுத்தேன்.” அந்தச் சொல் கூட்டத்துக்குள் போனதும் கூட்டம் திரும்பியது. சொன்னது வெள்ளைக்காரன், ஆனால் சொன்ன வாய் வாத்தியாருடையது. அடி வாய்க்கு விழுந்தது. அவரைக் கோல்போஸ்ட்டோடு சாய்த்துவைத்துச் செருப்பாலும் கையாலும் அடித்தார்கள். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. அவர் பல் ஈறெல்லாம் ரத்தமாக, “நான் சொல்லல, அவர் சொன்னதைத்தான் சொன்னேன்” என்று அப்போதும் இலக்கணம் பிசகாமல் சொன்னார். கோச் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சொல்வதையும் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடிக்கிறான் என்று அவர் ஜீப்பின் மீதும் கல் விழுந்தது. என்னைப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாத்தியாரைக் கடந்து போகும்போது நான் தலையைத் தூக்கி, “இன்னும் ரெண்டு போடுங்கடா” என்று சொன்னேன். மயக்கத்தில் சொன்னது என்று தப்பிக்க முடியாது. நல்ல நினைவோடுதான் சொன்னேன்.

கிளப் யாரையும் எடுக்கவில்லை. மறுபடி இந்தப் பக்கம் வரவும் இல்லை. வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். தேனியில் என் காலுக்குள் கம்பி வைத்தார்கள். எழுந்து நடந்தேன், ஓடவில்லை. ‘எடுக்கச் சொன்னாக, எடுத்தேன்’ என்பது பள்ளத்தாக்கில் பழமொழி ஆகிவிட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவன்கூட அதைத்தான் சொல்வான், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. மச்சானோடு பேச்சை அறுத்துக்கொண்டேன். எங்களுடையது பெரிய ஊர் இல்லை. அங்கே ஒரு மனிதரைப் பதினோரு வருடம் பார்க்காமல் நடமாடுவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை ஜன்னல் வழியாக எறிந்தேன். அக்கா அவரோடுதான் வாழ்ந்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள். அவளை நான் எப்படிக் குறை சொல்வது. எனக்கு அவர் மேல் இருந்தது கோபம் என்றால் சின்னச் சொல். வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காகச் சொன்ன உறவை மிதித்தாரே என்று, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பல்லைக் கடிப்பேன்.

பதினோராம் வருடம் சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் கோட்டயத்துக்கு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பின் டிவியில் ஏதோ வெளிநாட்டு மேட்ச். ஒருவன் யாரும் தடுக்காமல் தலையால் முட்டிக் கோல் போட்டான். வர்ணனை செய்தவன் இங்கிலீஷில், அவனை யாருமே டேக் பண்ணவில்லை என்று கத்தினான். நான் பக்கத்திலிருந்த மலையாளி விற்பனையாளரிடம், “டேக் பண்ணிருந்தா ஸ்ட்ரெச்சர்லதான் போயிருப்பான்” என்றேன். அவர் கல்லூரியில் ஆடினவர். புரியாமல் பார்த்தார். “அதுக்கு எந்தினா ஸ்ட்ரெச்சர்? டேக்னா அவன் கூடவே நிக்கிறது. மார்க் பண்றது. அவ்வளவுதான் சேட்டா” என்றார். நான் எழுந்து வெளியே போனேன். கூடவே நில், விடாதே. அன்றைக்குக் கோச் கேட்டது இவ்வளவுதான். வாத்தியார் அகராதிப்படி சரியாகத்தான் சொன்னார். அது எங்கள் ஊரில் வேறு சொல்லாக இருந்தது. ஒரு சொல்லுக்காக என் காலும் போய், பதினோரு வருடமும் போயிற்றா என்று அழுகை வந்தது. கூடவே பெரிய நிம்மதியும் வந்தது. மச்சானும் என்னைப் போல் ஏமாந்தவர்தானே.

திரும்பின அன்றே வாழைத்தார் செட்டுக்குப் போனேன். அவர் தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டது. “மச்சான்” என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டு அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டேக் என்றால் என்ன, வாத்தியார் எங்கே பிசகினார், உங்கள்மேல் தப்பில்லை, நான்தான் புத்தி கெட்டுப்போய் இத்தனை வருடம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன் என்று. அவர் கேட்டு முடித்து, சும்மாட்டை மடித்து மடித்து மடியில் வைத்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ளே” என்றார். “கல்யாணத்துக்கு முன்னாடி, மலைக்கு அங்கிட்டு கட்டப்பனையில ரெண்டு சீசன் காசுக்கு ஆடுனேன்ல. அங்கன கோச்சு நாளைக்கு நூறு தரம் டேக்கு டேக்கும்பாரு. வாத்தியாரு சொல்லும்போதே, இது அது இல்லன்னு தெரியும். நீ மொதப் பாதியில ரெண்டு போட்ட. ரெண்டும் என்னைச் சுத்தி. வெள்ளைக்காரரு எம் பேரை அடிச்சுக் கோடு போட்டதப் பாத்தேன். எனக்கு அதுதான் கடைசி வருசம். ஊரு முன்னாடி உறவையும் சொல்லித் தொலைச்சிட்டேன். வாத்தியாரு வாயில ஒரு வழி கெடைச்சுது.”

நான் அடித்தேன். யோசித்து அடிக்கவில்லை. கை மூடினபடியே அவர் தாடையில் இறங்கியது. மறுபடியும் அடித்தேன். செட்டில் இருந்த லோடுமேன்கள் நாலு பேர் ஓடிவந்து என்னைப் பிடித்தார்கள். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, “விடுங்கப்பா. எம் மச்சினன்” என்றார். அவர்கள் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு என்னால் அடிக்க முடியவில்லை.

“தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நான் மனசு ஆறித்தான வந்தேன்” என்றேன். எனக்கு அப்போது அவர் செய்ததைவிட, அதைச் சொன்னதுதான் பெரிய துரோகமாகப் பட்டது.

“அப்படிச் சொல்லியிருந்தா வாத்தியாரு தப்புன்னு ஆயிப்போகும்” என்றார். “அந்த மனுசன் நம்ம கிட்ட ஒருக்க அடி வாங்கிட்டாரு. போதும்.”

வாத்தியார் ஓய்வு பெற்றுப் பெரியகுளத்தில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அவர் தாடை இன்னும் வீங்கியிருந்தது. கதவைத் தட்டினதும் வாத்தியாரே வந்து திறந்தார். மெலிந்து சிறுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், நான் நிற்கிற விதத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற மச்சானைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அப்புறம் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, “சொல்லுங்க தம்பி” என்றார்.